39-ஆ, 0-ஆ? சி மொழி சொல்லாமல் செய்யும் வகைமாற்றம்

ஒரு சின்ன நிரலில் இருந்து ஆரம்பிப்போம். நம்ம ஊர் பேரில் எத்தனை பைட் தமிழுக்கு உரியது என்று எண்ண வேண்டும், அவ்வளவுதான். ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி எல்லாம் ஆஸ்கியில் 0 முதல் 127-க்குள் அடங்கிடும். அதுக்கு மேல் வருவது எதுவும் ஆஸ்கி இல்லை. அப்போ 127-ஐ விடப் பெரிய பைட்டுகளை எண்ணினால் வேலை முடிஞ்சுது, இல்லையா?

சார் ஊர்[] = "காந்திகிராமம்";
இன்ட் எண்ணிக்கை = 0;
ஃபார் (இன்ட் இ = 0; ஊர்[இ] != 0; இ++)
    இஃப் (ஊர்[இ] > 127) எண்ணிக்கை++;

(இது எழில் மாதிரி தமிழ் நிரல்மொழி இல்லை, சாதாரண சி மொழிதான். படிக்க வசதியா இருக்கட்டும்னு குறிச்சொற்களைத் தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கு. தட்டும்போது வழக்கம்போல ஆங்கிலத்தில் தட்டிக்கோங்க. ஃபைலை யூடிஎஃப்-8 ஆக சேமிக்கணும்.)

இதை இன்டெல் அல்லது ஏஎம்டி சிப் உள்ள லேப்டாப்பில், லினக்ஸில், ஜிசிசி வச்சு ஓட்டுங்க. விடை 0. அதே ஃபைலை ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் போட்டு ஓட்டுங்க. விடை 39. ஒரு வரிகூட மாறவில்லை. லேப்டாப்பில் எரர் இல்லை, சாதாரணமா கம்பைல் செய்தால் எச்சரிக்கையும் இல்லை.

எந்த கம்பைலர் தப்பு? ரெண்டுமே சரி. சி மொழியின் விதிப்படி ரெண்டு விடையும் செல்லும். காரணம், "ஊர்[இ] > 127" என்று நீங்க எழுதிய இடத்தில், நீங்க எழுதாத ஒரு வேலையும் நடக்குது. அதுக்குப் பேர்தான் இம்ப்ளிசிட் டைப் கன்வெர்ஷன். தமிழில் மறைமுக வகைமாற்றம் என்று சொல்லலாம். அதன் விதிகள் மொத்தம் நாலுதான். அந்த நாலையும் பார்த்துட்டு இந்த 0-க்கும் 39-க்கும் திரும்ப வருவோம்.

ஏன் மாற்ற வேண்டியிருக்கு?

நிலக்கோட்டை மார்க்கெட்டில் மல்லி கிலோ கணக்கில் கைமாறும். கோயில் வாசலில் அதே மல்லி முழக் கணக்கு. "ரெண்டு முழமும் 250 கிராமும் சேர்த்தா எவ்வளவு?" என்று கேட்டால், ஏதாவது ஒண்ணை இன்னொண்ணா மாத்தாமல் பதில் சொல்ல முடியாது.

பிராசஸருக்கும் இதே நிலைமைதான். முழு எண்ணைக் கூட்டும் கட்டளை வேறு, புள்ளி எண்ணைக் கூட்டும் கட்டளை வேறு. ஒரு பக்கம் இன்ட், இன்னொரு பக்கம் டபுள் என்று கொடுத்தால் நேரடியாகக் கூட்ட ஒரு கட்டளை கிடையாது. ரெண்டையும் ஒரே வகைக்குக் கொண்டுவந்த பிறகுதான் கணக்கு.

"நீயே மாத்தி எழுது" என்று சில மொழிகள் நம்மிடம் விட்டுவிடும். கோ, ரஸ்ட் ரெண்டும் அப்படித்தான். சி அப்படி இல்லை, அதுவே மாத்திக்கும். இதில் மனசில் பதிய வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான்: எந்த வகைக்கு மாத்துவது என்பதை சி முடிவு செய்வது உள்ளே இருக்கும் மதிப்பைப் பார்த்து இல்லை, ரெண்டு பக்கமும் உள்ள வகைகளை மட்டும் பார்த்து. மதிப்பு என்ன ஆகும் என்று அது யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டியது நாம்தான்.

விதி 1: சின்ன வகைகள் எல்லாம் முதலில் இன்ட் ஆகும்

சார், ஷார்ட் போன்ற இன்ட்டை விடச் சின்ன வகைகள் ஒரு கணக்கிலோ ஒப்பீட்டிலோ நுழையும்போதே இன்ட் ஆகிவிடும். இதை இன்டிஜர் புரமோஷன் என்பார்கள்.

சார் அ = 100, ஆ = 100;
இன்ட் இ = அ + ஆ;     // 200
சார் ஈ = அ + ஆ;     // லேப்டாப்பில் -56

சைன்ட் சார் 127 வரைதான் தாங்கும். ஆனாலும் முதல் வரியில் 200 சரியா வருது. கூட்டல் நடந்தது சாரில் இல்லை, இன்ட்டில். ரெண்டாவது வரியிலும் கூட்டல் முடிஞ்சபோது விடை 200-தான். அதைத் திரும்ப 8 பிட்டுக்குள் அடைக்கும்போது 200 - 256 = -56 ஆகுது. கூட்டல் தப்பாகவில்லை, சேமிப்புதான் தப்பு. இந்த வித்தியாசத்தைப் பிடிச்சுக்கோங்க, கேம்பஸ் தேர்வுகளில் வரும் பாதிக் கேள்வி இதுதான்.

அன்சைன்ட் சாரும் இன்ட்தான் ஆகும், அன்சைன்ட் இன்ட் ஆகாது. 0 முதல் 255 வரை எல்லாமே இன்ட்டுக்குள் அடங்கிடும் என்பதால் அப்படி. அந்தக் காலத்து யூனிக்ஸ் கம்பைலர்கள் பல, அன்சைன்ட் என்றால் அன்சைன்ட்டாகவே வச்சிருந்தன. 1989-இல் வந்த ஆன்சி தரம்தான் மதிப்பு மாறாமல் இருந்தால் போதும் என்று இப்போதுள்ள விதியை நிலைநிறுத்தியது.

விதி 2: ரெண்டு பக்கமும் சமமாகும் வரை ஏணி ஏறும்

புரமோஷன் முடிஞ்ச பிறகும் ரெண்டு பக்கமும் வேறு வேறு வகையா இருந்தால், சி ஒரு ஏணியைப் பார்க்கும்.

ஒரு பக்கம் லாங் டபுள் என்றால் மற்றதும் லாங் டபுள். இல்லையா, ஒரு பக்கம் டபுள் என்றால் மற்றதும் டபுள். அதுவும் இல்லையா, ஒரு பக்கம் ஃப்ளோட் என்றால் மற்றதும் ஃப்ளோட். ரெண்டும் முழு எண் வகை என்றால் இப்படி:

1. ரெண்டும் சைன்ட், அல்லது ரெண்டும் அன்சைன்ட் என்றால், சின்னது பெரியதாகும். இன்ட்டும் லாங்கும் சேர்ந்தால் லாங்.
2. ஒண்ணு சைன்ட், ஒண்ணு அன்சைன்ட். அன்சைன்ட்டின் தரநிலை சமம் அல்லது அதிகம் என்றால், சைன்ட்தான் அன்சைன்ட் ஆகும்.
3. சைன்ட்டின் தரநிலை அதிகம், அன்சைன்ட்டின் எல்லா மதிப்பும் அதுக்குள் அடங்கும் என்றால், சைன்ட் ஜெயிக்கும்.
4. தரநிலை அதிகம், ஆனால் அடங்காது என்றால், அந்தப் பெரிய வகையின் அன்சைன்ட் வடிவத்துக்கு ரெண்டுமே மாறும்.

ஆபத்து இருப்பது இரண்டாவதில்.

இன்ட் அ = -1;
அன்சைன்ட் இன்ட் ஆ = 1;
இஃப் (அ < ஆ) ...     // பொய்!

-1 அன்சைன்ட் இன்ட் ஆகும்போது 4294967295 ஆகிடும். அது 1-ஐ விடச் சின்னது இல்லை. "இப்படி யார் எழுதுவாங்க?" என்று தோணும். நேரடியாக யாரும் எழுத மாட்டாங்க. ஆனால் ஸ்டர்லென் திருப்பித் தருவதும், சைஸ்ஆஃப் தருவதும் அன்சைன்ட் வகைதான். அப்போ இதைப் பாருங்க:

இஃப் (ஸ்டர்லென்("அ") - ஸ்டர்லென்("தமிழ்") > 0) ...

"அ" 3 பைட், "தமிழ்" 15 பைட். கழிச்சால் -12 வரணும், நிபந்தனை பொய்யாகணும். ஆனால் அன்சைன்ட்டில் மைனஸ் கிடையாது. 64-பிட் கணினியில் விடை 18446744073709551604. நிபந்தனை மெய்! கழிச்சு 0-வோடு ஒப்பிடுவதை விட்டுட்டு, ரெண்டு நீளத்தையும் நேரடியா ஒப்பிட்டால் பிரச்சினை தீர்ந்தது. லூப்பில் "இ < ஸ்டர்லென்(ச) - 1" என்று எழுதும் பழக்கம் இருந்தால் அதையும் கவனிங்க. சரம் காலியா இருந்தால் 0 - 1 பிரம்மாண்டமான எண் ஆகிடும், லூப் நினைவகம் முழுக்க ஓடும்.

மூன்றாவதும் நாலாவதும் கணினிக்குக் கணினி மாறும். 64-பிட் லினக்ஸில் லாங் 64 பிட். விண்டோஸில் லாங் 32 பிட்தான். ஆகவே லாங் -1-ஐயும் அன்சைன்ட் இன்ட் 1-ஐயும் ஒப்பிட்டால், லினக்ஸில் -1 சின்னது, விண்டோஸில் -1 பெரியது. லேபில் விண்டோஸ், ரூமில் உபுண்டு என்று வச்சிருக்கிறவங்க இதை ஒரு தடவை ஓட்டிப் பாருங்க.

விதி 3: சேமிக்கும் இடத்தின் வகைதான் இறுதி

சமக்குறிக்கு வலது பக்கம் எது வந்தாலும் இடது பக்கத்தின் வகைக்கு மாறும். ஃபங்ஷனுக்கு மதிப்பு கொடுக்கும்போது அது எதிர்பார்க்கும் வகைக்கு, ரிட்டர்ன் செய்யும்போது ரிட்டர்ன் வகைக்கு மாறும்.

இதில் எல்லாரும் விழும் குழி:

இன்ட் மொத்தம் = 447;
டபுள் சராசரி = மொத்தம் / 6;     // 74.0

ஆறு பாடம், 447 மார்க். சராசரி 74.5. ஆனால் வகுத்தல் நடக்கும்போது ரெண்டு பக்கமும் இன்ட். விடை 74. அதுக்கு அப்புறம்தான் டபுள் ஆகுது, போன அரை மார்க் போனதுதான். சேமிக்கும் இடம் டபுள் என்பது வகுத்தலுக்குத் தெரியாது. 6-ஐ 6.0 என்று எழுதினால் விதி 2 வேலை செய்து மொத்தமும் டபுள் ஆகும், 74.5 கிடைக்கும்.

இதுக்கு நேர் எதிரான குழி ஒண்ணு இருக்கு. "ஃப்ளோட்டுக்கு மாத்தினா எதுவும் போகாது, அது இன்ட்டை விடப் பெரிசு" என்று நினைக்கிறோம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகை 7,21,47,030. இதை ஃப்ளோட்டில் போடுங்க:

ஃப்ளோட் மக்கள் = 72147030;

அச்சிட்டுப் பார்த்தால் 72147032. ரெண்டு பேர் புதுசா வந்துட்டாங்க. ஃப்ளோட்டுக்கு மொத்தம் 32 பிட் இருந்தாலும், இலக்கங்களைக் காக்க 24 பிட்தான். 1,67,77,216 வரை எல்லா முழு எண்ணும் அப்படியே நிற்கும். அதுக்கு மேல் இடைவெளி விழும். 7 கோடிப் பக்கத்தில் 8-இன் மடங்குகள் மட்டும்தான் ஃப்ளோட்டில் இருக்கு, ஆகவே பக்கத்தில் உள்ள மடங்குக்கு ஒதுங்கிக்கும். திண்டுக்கல் மாவட்டத்தின் 21,59,775 என்றால் ஒரு ஆள்கூடக் குறையாது. மாவட்டத்தை வச்சு டெஸ்ட் பண்ணிட்டு மாநிலத்துக்குப் போனால் பிழை வரும். டபுளுக்கு 53 பிட் இருப்பதால் அதில் இந்தக் கவலை இல்லை.

இன்னொரு உதாரணம், உங்க வேலைக் காலத்திலேயே வரப்போகுது. டைம் ஃபங்ஷன் 1970-இல் இருந்து போன வினாடிகளைத் தரும். இப்போதைய 64-பிட் கணினிகளில் அது 64 பிட் எண். அதை "இன்ட் நேரம் = டைம்(நல்)" என்று வாங்கினால் சத்தமில்லாமல் 32 பிட்டாக நறுக்கப்படும். இன்னைக்கு ஒண்ணும் ஆகாது. 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு அந்த இன்ட் நிரம்பிடும். அடுத்த வினாடி மைனஸ்.

விதி 4: பிரிண்ட்எஃப், ஸ்கேன்எஃப் விவகாரம்

டபுளை அச்சிட பிரிண்ட்எஃப்-இல் %எஃப் போதும், ஸ்கேன்எஃப்-இல் மட்டும் ஏன் %எல்எஃப் வேணும்? முதல் வருடத்தில் எல்லாரும் மனப்பாடம் செய்தது. காரணம் இதே வகைமாற்றம்தான்.

பிரிண்ட்எஃப் எத்தனை மதிப்பு வேணும்னாலும் வாங்கும், எந்த வகை என்று முன்கூட்டியே அறிவிப்பு கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் சி ஒரு பொது விதி வச்சிருக்கு: ஃப்ளோட் எல்லாம் டபுள் ஆகும், சாரும் ஷார்ட்டும் இன்ட் ஆகும். பிரிண்ட்எஃப் கைக்கு வரும்போது ஃப்ளோட் என்று ஒண்ணு இல்லவே இல்லை. அதனால் ஒரே குறி போதும்.

ஸ்கேன்எஃப்-க்கு நாம் கொடுப்பது மதிப்பு இல்லை, முகவரி. முகவரியை வகைமாற்ற முடியாது. அங்கே 4 பைட் எழுதணுமா 8 பைட் எழுதணுமா என்று நாம்தான் சொல்லணும். அதான் அந்தக் கூடுதல் எல்.

இப்போ 0-க்கும் 39-க்கும் வருவோம்

"காந்திகிராமம்" என்பதில் கா, ந், தி, கி, ரா, ம, ம் என்று ஏழு எழுத்து. யூனிகோடில் கா என்பது க-வும் துணைக்காலும் சேர்ந்தது, ந் என்பது ந-வும் புள்ளியும் சேர்ந்தது. அப்படிப் பிரித்தால் 13 குறியீட்டு எண்கள். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 13 பெருக்கல் 3, மொத்தம் 39.

முதல் எழுத்தான க-வின் மூணு பைட் 224, 174, 149. இதுதான் கோப்பில் இருப்பது, எந்தக் கணினியிலும் மாறாது. மாறுவது அதைப் படிக்கும் விதம். சி மொழியில் வெறும் "சார்" என்று எழுதினால் அது சைன்ட்டா அன்சைன்ட்டா என்பதை கம்பைலர் முடிவு செய்துகொள்ளலாம். தரமே அப்படி அனுமதிக்குது.

லேப்டாப்பில் சார் சைன்ட். 224 என்ற அதே எட்டு பிட்டை -32 என்று படிக்கும். 174 என்பது -82, 149 என்பது -107. விதி 1-இன்படி இன்ட் ஆகும்போதும் -32 என்பது -32-தான். அது 127-ஐ விடப் பெரியதா? இல்லை. 39 பைட்டும் தோத்துப் போச்சு. விடை 0.

ஏஆர்எம் சிப் உள்ள ஆண்ட்ராய்டிலும் ராஸ்பெர்ரி பையிலும் சார் அன்சைன்ட். 224 என்பது 224-ஆகவே இன்ட் ஆகும். 39 பைட்டும் ஜெயிச்சுது.

ஏன் இப்படி ரெண்டு விதம்? சி பிறந்து வளர்ந்த பிடிபி-11 கணினியில், ஒரு பைட்டை ரெஜிஸ்டரில் ஏற்றும் கட்டளையே மைனஸ் குறியை நீட்டித்துத்தான் ஏற்றும். அங்கே சைன்ட் சார்தான் செலவில்லாதது. ஆரம்பகால ஏஆர்எம்-இல் பைட்டை அன்சைன்ட்டாக ஏற்றும் கட்டளைதான் இருந்தது. சைன்ட்டாக ஏற்றும் கட்டளை பின்னால் வந்தது. அங்கே அன்சைன்ட்தான் வேகம். எது வேகமோ அதை வச்சுக்கோ என்று சி விட்டுவிட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. ஆங்கில எழுத்துகள் எல்லாம் 127-க்குள். 127 வரை சைன்ட்டாகப் படித்தாலும் அன்சைன்ட்டாகப் படித்தாலும் ஒரே மதிப்பு. ஆகவே ஆங்கிலப் பேரை மட்டும் கொடுத்துச் சோதித்தால் இந்தப் பிழை எந்தக் காலத்திலும் வெளியே வராது. ஒரு தமிழ்ப் பேரை உள்ளிட்ட அந்த நிமிஷம்தான் வரும். அது எப்படியெல்லாம் வரும் என்று பார்ப்போம்.

எழுத்துக் கணக்கு: ஒவ்வொரு எழுத்தும் எத்தனை தடவை வருதுன்னு எண்ணும் லேப் புரோகிராம் எல்லாரும் எழுதியிருப்பீங்க. 256 இடம் உள்ள ஒரு அரே, அதில் "கணக்கு[ச[இ]]++". தமிழ் கொடுத்தால் லேப்டாப்பில் இது கணக்கு[-32]++ ஆகும். அரேவுக்கு முன்னால் இருக்கும் வேறு ஏதோ ஒரு மாறியின் மதிப்பு கூடும். பிழை தெரியும் இடம் ஒண்ணு, பிழை இருக்கும் இடம் இன்னொண்ணு.

எழுத்துதானா என்ற சோதனை: பேரில் எழுத்து மட்டும் இருக்கான்னு பார்க்க இஸ்ஆல்ஃபா பயன்படுத்துவோம். அது வாங்குவது இன்ட். ஆனால் 0 முதல் 255-க்குள் அல்லது இஓஎஃப் மட்டும்தான் கொடுக்கணும் என்பது விதி. சைன்ட் சாரை அப்படியே கொடுத்தால் -32 போகும். என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விஷுவல் ஸ்டுடியோவில் டீபக் முறையில் ஓட்டினால், மதிப்பு -1-க்கும் 255-க்கும் இடையில் இல்லை என்று ஒரு பெட்டி தோன்றி நிரல் நிற்கும். அந்தப் பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இப்போ காரணம் புரிஞ்சிருக்கும்.

வரிசைப்படுத்துதல்: தமிழும் ஆங்கிலமும் கலந்த பேர்ப்பட்டியலை, ரெண்டு சாரை நேரடியா ஒப்பிடும் சொந்த ஃபங்ஷனால் அடுக்கினால், லேப்டாப்பில் தமிழ்ப் பேர்கள் முதலில் வரும், ஏன்னா எல்லாம் மைனஸ். போனில் கடைசியில் வரும். நூலகத்தில் உள்ள ஸ்டர்கம்ப் இதில் தடுமாறாது. பைட்டை அன்சைன்ட் சாராக எடுத்துத்தான் ஒப்பிட வேண்டும் என்று தரத்திலேயே இருக்கு.

கோப்பின் முடிவு: கெட்சார் இன்ட் திருப்பித் தரும். அதை சார் மாறியில் வாங்கி இஓஎஃப்-ஓடு ஒப்பிட்டால், சைன்ட் கணினியில் 255 என்ற பைட் -1 ஆகி, கோப்பு முடிஞ்சுதுன்னு நிரல் நின்னுடும். ஜேபெக் படங்களின் முதல் பைட்டே 255, ஒரு பைட்கூடப் படிக்காமல் முடிஞ்சிடும். யூடிஎஃப்-8 உரையில் 255 வரவே வராது, அதனால் லேப்டாப்பில் தப்பிச்சிடும். அதே நிரல் போனில் ஓடினால் இன்னொரு கதை: அன்சைன்ட் சார் எப்போதும் -1 ஆகாது, லூப் முடியவே முடியாது.

இது யூனிகோட் வந்த பிறகு முளைத்த பிரச்சினையும் இல்லை. யூனிகோடுக்கு முன் பரவலா இருந்த டிஸ்கி, 1999-இல் தமிழக அரசு அறிவித்த டேப் ஆகியவை 8-பிட் குறியாக்கங்கள். கீழ்ப் பாதியில் ஆஸ்கி, 128-க்கு மேலான பாதியில் தமிழ். சைன்ட் சார் மைனஸாகப் படிக்கும் அதே பாதியில்தான் அன்றைக்கும் தமிழ் இருந்தது.

சரியா எப்படி எழுதுவது?

பைட்டைப் பைட்டாகக் கையாளும் இடத்தில் வெறும் சார் வேண்டாம், அன்சைன்ட் சார் என்று எழுதுங்க. ரெண்டு கணினியிலும் 39 வரும்.

39 பைட் என்பதும் நமக்குப் பெரிசா உதவாது. குறியீடுகளை எண்ண ஒரு வழி: யூடிஎஃப்-8-இல் ஒரு குறியீட்டின் தொடர்ச்சி பைட்டுகள் எல்லாம் இருமத்தில் 10 என்று தொடங்கும். அவற்றை விட்டுட்டு எண்ணலாம்.

இஃப் ((ஊர்[இ] & 192) != 128) குறி++;

விடை 13. இந்த வரியில் சார் சைன்ட்டா இருந்தாலும் பரவாயில்லை. -82 இன்ட் ஆகும்போது மேல் பிட்டுகள் எல்லாம் 1 ஆகும், ஆனால் 192 என்ற மாஸ்க் அதையெல்லாம் துடைச்சுடும். மாஸ்க் போட்டால் பிழைக்கிறோம்; அதே வேலையைப் பெருசு சிறுசு ஒப்பிட்டுச் செய்தால் மாட்டிக்கிறோம்.

ஏழு எழுத்து வேணும்னா, மூணு பைட்டையும் சேர்த்துக் குறியீட்டு எண்ணைக் கண்டுபிடிச்சு, துணைக்குறிகளை விட்டுவிடணும். துணைக்கால் முதல் புள்ளி வரை 3006-இல் இருந்து 3021-க்குள் இருக்கு.

அன்சைன்ட் சார் *ப = (அன்சைன்ட் சார் *) ஊர்;
இன்ட் எழுத்து = 0;
ஃபார் (இன்ட் இ = 0; ப[இ] != 0; இ += 3) {
    இன்ட் எண் = (ப[இ] & 15) * 4096 + (ப[இ+1] & 63) * 64 + (ப[இ+2] & 63);
    இஃப் (எண் < 3006 || எண் > 3021) எழுத்து++;
}

க-வுக்குப் போட்டுப் பாருங்க: 0 + 46 × 64 + 21 = 2965. சரிதான். இங்கே மாஸ்க்குக்குப் பதிலா "ப[இ] - 224" என்று கழித்து எழுதும் பழக்கம் சிலருக்கு உண்டு. அன்சைன்ட் சாரில் அது 0. சைன்ட் சாரில் -32 - 224, அதாவது -256. (தமிழ் மட்டுமே உள்ள சரத்துக்குத்தான் இந்த லூப். இடைவெளியோ ஆங்கிலமோ கலந்தால் 3-3 ஆகத் தாண்டக் கூடாது. க்ஷ, ஸ்ரீ-யை எப்படி எண்ணுவது என்பதும் தனிக் கேள்வி.)

மற்ற மொழிகளில்?

பைதானில் முழு எண்ணும் புள்ளி எண்ணும் கலந்தால் தானாக மாறும். சரத்தோடு எண்ணைக் கூட்டினால் மறுத்துடும். லென் கேட்டால் நம்ம ஊர் பேருக்கு 13 என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்ட் ரொம்பத் தாராளம்: "5" + 1 என்றால் "51", "5" - 1 என்றால் 4. ஜாவாவில் சார் என்பது 16 பிட், எப்போதும் அன்சைன்ட், அதனால் மேலே பார்த்த குழப்பம் கிடையாது. ஆனால் புரமோஷன் உண்டு. ஒற்றை மேற்கோளில் 'அ' + 1 அச்சிட்டால் 2950, இரட்டை மேற்கோளில் "அ" + 1 அச்சிட்டால் அ1.

"அப்போ எல்லா இடத்திலும் நாமே வெளிப்படையா காஸ்ட் போட்டுட்டா பாதுகாப்பா?" அதுவும் இல்லை. 1996 ஜூன் 4-இல் ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் ஒரு நிமிடத்துக்குள் வெடிச்சுது. 64-பிட் புள்ளி எண் ஒண்ணை 16-பிட் சைன்ட் முழு எண்ணா மாத்தும் இடத்தில், மதிப்பு 32767-ஐத் தாண்டிடுச்சு. அது அடா மொழி. அங்கே மாற்றம் தானா நடக்கவில்லை, நிரலில் எழுதித்தான் நடந்தது. மதிப்பு அடங்குமா என்ற சோதனைதான் அந்த இடத்தில் இல்லை. ஏரியன் 4-இன் வேகத்துக்கு அடங்கிய எண், ஏரியன் 5-இன் வேகத்துக்கு அடங்கலை. காஸ்ட் போடுவது கம்பைலரின் வாயை அடைக்கும், எண்ணைக் காப்பாத்தாது.

கம்பைலரையே கேளுங்க

ஜிசிசி-யில் டபிள்யூஆல் மட்டும் போட்டுட்டு நிம்மதியா இருக்காதீங்க. டபிள்யூஎக்ஸ்ட்ரா சேர்த்தால்தான் சைன்ட்-அன்சைன்ட் ஒப்பீடுகளைக் காட்டும். நம்ம முதல் நிரலில் "இந்த ஒப்பீடு எப்போதும் பொய்" என்றும் சொல்லிடும். மதிப்பு நறுக்கப்படும் இடங்களைப் பார்க்க டபிள்யூகன்வெர்ஷன் தனியாப் போடணும், அது முந்தைய ரெண்டிலும் அடங்காது. கடைசியா எஃப்-அன்சைன்ட்-சார் என்ற ஆப்ஷன். அதைப் போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை கம்பைல் செய்து விடையை ஒப்பிடுங்க. ரெண்டும் மாறினால், உங்க நிரல் சாரின் குறியை நம்பி இருக்குன்னு அர்த்தம். போன் இல்லாமலேயே போனில் வரும் பிழையைப் பிடிச்சிடலாம்.

பயிற்சி

விடையைப் பார்க்காமல் முதலில் பேப்பரில் போட்டுப் பாருங்க.

1. சைஸ்ஆஃப்(இன்ட்) > -1 என்பது மெய்யா பொய்யா?
2. 5 / 2 * 2.0 எவ்வளவு? 2.0 * 5 / 2 எவ்வளவு?
3. அன்சைன்ட் சார் அ = 200, ஆ = 100. "அ + ஆ" அச்சிட்டால் என்ன? அதை அன்சைன்ட் சார் மாறியில் சேமித்து அச்சிட்டால் என்ன?
4. அன்சைன்ட் சார் அ = 0. "~அ == 255" மெய்யா?
5. "சின்னாளப்பட்டி": எத்தனை பைட், எத்தனை குறியீடு, எத்தனை எழுத்து?

விடைகள்

1. பொய். சைஸ்ஆஃப் அன்சைன்ட் என்பதால் -1 மிகப் பெரிய எண் ஆகிடும் (விதி 2).
2. 4.0, 5.0. இடமிருந்து வலமா நடக்குது. முதலில் இன்ட் வகுத்தல் வந்தால் அரை போயிடும்.
3. 300, 44. கூட்டல் இன்ட்டில், சேமிப்பு 8 பிட்டில். 300 - 256 = 44.
4. பொய். அ முதலில் இன்ட் ஆகும், அதன் எல்லா பிட்டும் புரளும், -1 வரும் (விதி 1).
5. 42 பைட், 14 குறியீடு, 8 எழுத்து.

அடுத்த தடவை சரத்தைக் கையாளும் எந்த நிரல் எழுதினாலும், டெஸ்ட் பண்ண "ஹலோ" கொடுக்கிற இடத்தில் உங்க பேரைத் தமிழில் கொடுங்க. வெளிநாட்டில் உட்கார்ந்து அந்த நூலகத்தை எழுதினவருக்கு அந்தச் சோதனை தோணாமல் போகலாம். நமக்கு அது பத்து வினாடி வேலை.